மலையைக் கண்டு மலைக்கலாமா?

எங்கள் அம்பாசமுத்திரத்தில் பெண்பிள்ளை ஒருத்தி தெருவில் ஓடுகிறாள் என்றால் அதற்கு மூன்றே காரணங்கள்தாம் இருக்க முடியும். ஒன்று, பஸ் புறப்பட்டுவிட்டது. இரண்டு, மாடியில் காயப்போட்ட வடகத்தின்மேல் மழை வந்துவிட்டது. மூன்று, வீட்டில் யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை. இந்த மூன்றும் இல்லாமல், விடியற்காலையில், கையில் பையோ குடையோ இல்லாமல், போய்ச் சேர வேண்டிய இடமும் இல்லாமல் ஒருத்தி ஓடினால் ஊர் என்ன செய்யும் தெரியுமா? உதவிக்கு வரும்!

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் எனக்கு வந்த உதவிகளைச் சொல்லி மாளாது. பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "எங்க தாயி போணும்? ஏறிக்கோ, விட்டுருதேன்" என்றார். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி மாவுக் கிண்ணத்தோடு எழுந்து நின்று, "வீட்டுல எல்லாரும் சொகந்தானட்டி?" என்று கலவரத்துடன் விசாரித்தாள். டீக்கடைப் பெஞ்சியிலிருந்து ஒரு குரல், "மெட்ராசுல பத்திரிகையில இருக்கால்லா, அந்தப் பிள்ளைதான். என்னத்தையோ தொலைச்சிட்டு ஓடுது" என்று தீர்ப்பே கூறிவிட்டது.

தொலைக்கவில்லை. ஜனவரி மாதத்தில் சென்னையில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அதன் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதில் பாதித் தூரப் பந்தயத்தை இரண்டு தடவை ஓடி முடித்த தைரியம் இருந்தது. அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. கூட இருந்து பார்த்துக்கொள்ளக் காரியாலயத்தில் மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். என் ஓட்டத்தையும் கூடவே கொண்டு வந்தேன். ஊருக்கு மேற்கே பொதிகை மலை நின்றுகொண்டிருந்தது.

"சென்னையிலே மலை ஏது? கடற்கரை ஓரமாக ஓடுகிறவளுக்கு மலை எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதற்கு உலகத்துக்கு விடை சொன்னவர் நியூஸிலாந்து தேசத்தில் செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஒரு மனிதர். ஆர்தர் லிடியார்டு என்று பெயர். ஆக்லாந்து நகரத்துக்குப் பக்கத்திலுள்ள மலைச் சாலைகளில், 22 மைல் சுற்று ஒன்றைத் தம்மிடம் பழகிய பிள்ளைகளை ஓட வைத்தார். 800 மீட்டர் ஓடுகிறவனும் அந்தச் சுற்றை ஓட வேண்டும். மாரத்தான் ஓடுகிறவனும் ஓட வேண்டும். பிறகு சில வாரங்கள் ஒரே மேட்டில் திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டும். 1960-ம் வருஷம் ரோம் ஒலிம்பிக் பந்தயத்தில் அவருடைய சீடர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். மூன்றாமவரான பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். அதற்குப் பிறகு ஓட்டக்காரர்கள் மேடு தேடி அலைய ஆரம்பித்தார்கள்.

நம் ராஜ்யத்திலேயும் இது நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் வறண்ட கிராமம் ஒன்றில் பிறந்த லலிதா பாபர் பயிற்சிக்காக வந்து தங்கிய இடங்களில் நம்முடைய ஊட்டியும் ஒன்று. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்கு வந்து, 10-வது இடம் பெற்றார் அவர். ஊட்டியில் மேட்டோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 2,240 மீட்டர். காற்றில் பிராணவாயு குறைவு. உடம்பு அதற்கு ஈடு கட்டப் பழகிக்கொள்கிறது.

எனக்கு ஊட்டியும் வேண்டாம், ஒலிம்பிக்கும் வேண்டாம். மேடு ஒன்று போதும். சமதரையில் ஒரு மணி நேரம் ஓடினால் கிடைக்கும் வலுவை மேடு சீக்கிரமாகவே கொடுத்துவிடும். தொடையும் ஆடுசதையும் உடம்பு முழுவதையும் மேலே தூக்க வேண்டியிருக்கிறதல்லவா? இன்னொரு லாபம், மேட்டில் பாதம் தரையைச் சீக்கிரமே சந்தித்துவிடுவதால் முழங்காலுக்கு விழும் அதிர்ச்சி குறைவு. அம்மாவின் முழங்கால் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த எனக்கு இந்தக் கடைசி விஷயம் மிகவும் பிடித்திருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் முதல் பஸ்ஸைப் பிடித்து விக்கிரமசிங்கபுரத்தையும் தாண்டிப் பாபநாசத்தில் இறங்குவேன். மலைச்சாலையில் இஷ்டம்போல் ஓடிவிட முடியாது. அது களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம், வீட்டுக்காரர் புலி. ஆகவே வனத்துறைச் சாவடிக்கு இப்பாலேயே, மலையடிவாரத்தில், சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு மேடு பார்த்து வைத்துக்கொண்டேன். எட்டுத் தடவை ஏற வேண்டும், எட்டுத் தடவை இறங்க வேண்டும் என்று கணக்கு. மூன்றாவது தடவை ஏறும்போது இருதயம் காதில் அடிக்கும். ஐந்தாவது தடவை, எதிரே நிற்கும் பொதிகை சற்று நகர்ந்து பின்னுக்குப் போய்விட்டதோ என்று சந்தேகம் வரும்.

இந்த மேட்டைப் பற்றி அம்மாவிடம் நான் அளந்துகொண்டிருந்தபோதுதான் அடுத்த வீட்டு அக்கா உள்ளே வந்தாள்.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. தெருவுக்குக் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்னால் ஊத்து எஸ்டேட். பிறந்ததும் அங்கேதான், கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்றதும் அங்கேதான், தேயிலைக் கொழுந்து பறித்ததும் அங்கேதான்.

மாஞ்சோலை மலையை அறியாத வாசகிகளுக்காக இரண்டு வார்த்தை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து, காட்டைத் திருத்தித் தோட்டம் போட்ட இடம் அது. மணிமுத்தாறு அணைக்கு மேலே, சுமார் 1,000 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்குள் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக ஊர்கள். தமிழ்நாட்டில் அதிகமாக மழை கொட்டும் இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் சேர்ந்தவை. குத்தகை முடிவது 2028-ல். ஆனால் 2024-ம் வருஷம் ஜூன் மாதத்திலேயே தோட்ட வேலை நின்றுவிட்டது. விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று நான்கு தலைமுறையாக மேலே இருந்த குடும்பங்கள் பல, சட்டி பானைகளோடு கீழே இறங்கின. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் என்று அவரவருக்கு வாடகைக்கு வீடு கிடைத்த இடத்தில் ஒதுங்கினார்கள்.

பத்திரிகைக்காரியின் நாக்கு சும்மா இருக்குமா? "அக்கா, நாள் முழுக்க மேட்டிலேயே நின்றீர்களே, நீங்கள் எப்படி ஏறுவீர்கள்?" என்று கேட்டேன்.

அக்கா சிரித்தாள். "இது என்ன கேள்வி? ஏறுனா ஏற வேண்டியதுதான்" என்றாள். விடாமல் தொந்தரவு செய்யவே, முற்றத்துக்கு வந்து புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு அடி வைத்துக் காட்டினாள். ஒரு சாணுக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவு சின்ன அடி!

"மலையை எட்டிப் பிடிக்கப் பாக்கக் கூடாது தாயி. காலைச் சின்னதா வையி. மேல எம்புட்டு இருக்குன்னு அண்ணாந்து பாக்காதே. நாலு முழத்துக்கு முன்னால மட்டும் பாரு. முதுகில கொழுந்து இருக்கையில எட்டி வச்சேன்னா நீயும் கொழுந்தும் சேர்ந்து கீழ போவிய. பக்கத்து நிரையில இருக்கவகிட்ட பேச முடியணும். பேச முடியலைன்னா வேகமாப் போறேன்னு அர்த்தம்."

சகோதரிகளே, ஓட்டப் பயிற்சியைப் பற்றி வந்த தடித்தடிப் புத்தகங்களில் மேடு ஏறும் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். அடியைக் குறுக்கு, பார்வையைச் சற்று முன்னால் வை, இடுப்பை வளைக்காமல் கணுக்காலிலிருந்து லேசாக முன்னே சாய், நெடுந்தூரப் பயிற்சியில் பேச முடிகிற அளவுக்கு மேல் வேகம் போகாதே. அதற்குப் 'பேச்சுச் சோதனை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கா எந்தப் புத்தகத்தையும் படித்தவளல்ல. படங்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவில், கொழுந்தின் எடைக்குக் கணக்குப் பார்க்கும் கங்காணியின் கண் எதிரில் அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்களே, அந்தப் புத்தி காலுக்கும் பொருந்தும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அக்காவின் அடியை மேட்டில் போட்டுப் பார்த்தேன். வேகம் குறைந்தது. ஆனால் எட்டாவது ஏற்றமும் முதல் ஏற்றமும் ஒரே நேரத்தில் முடிந்தன. இதுதான் விஷயம். மேட்டில் கெட்டிக்காரி என்பவள் முதலில் வேகமாக ஏறியவள் அல்ல. கடைசியிலும் அதே மாதிரி ஏறியவள்.

ஏறுவதைப் பற்றி இவ்வளவு சொன்னேன். இறங்குவது இருக்கிறதே, அதுதான் பொல்லாதது! ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடம்பு கீழே ஓடிவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும்; தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சிராய்ப்புகள் உண்டாகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள், அதற்கும் மறுநாள், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவோம். ஆனால் ஒரு நன்மை, ஒரு தடவை இறங்கி நொந்த தசை அடுத்த தடவை அவ்வளவு நோவதில்லை. பழகிக்கொள்கிறது.

இதை நான் அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே முருங்கைக் கீரையை ஆய்ந்தவள், "நாங்க இறங்கி வருசம் ஒண்ணு தாண்டிருச்சே தாயி. இன்னும் நோவுதே" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவளே தொடர்ந்து பேசினாள். சமதரையில் நடந்தால் கால் வலிக்கிறதாம். இராத்திரியில் மழைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லையாம். மேலே, லைன் வீட்டு வாசலில் நின்றால் கீழே மணிமுத்தாறு அணை ஒரு தட்டு மாதிரித் தெரியுமாம். கூலி உயர்வு முதலான கோரிக்கைகளுக்காக மலையிலிருந்து இறங்கிப் போனவர்களைப் பற்றியும் சொன்னாள். 1999-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி திருநெல்வேலியில் நடந்த அந்த ஊர்வலத்தின்போது, போலீஸ் தடியடியில் சிதறி ஓடியவர்களில் 17 பேர் தாமிரவருணியில் உயிர் இழந்தார்கள். ஊருக்குத் தெரிந்த துயரம்தான். கீரையை ஆய்ந்துகொண்டே அதை ஒரு பெண் சொல்லக் கேட்பது வேறு.

பிறகு அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "நாங்க ஏறுனது சோத்துக்கு. நீ என்னத்துக்குத் தாயி ஏறுத?"

இடக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆகவே எனக்கும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளே கட்டிலில் அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தாள். அறுபத்திரண்டு வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. முழங்கால் தேய்ந்து, இப்போது மாற்றுமூட்டு. ஆயுசில் அவள் நடந்த நடையைக் கூட்டினால் எத்தனை மாரத்தான் தேறும்! அத்தனையும் அடுக்களைக்கும் கொல்லைக்கும் நடுவில். தனக்கென்று ஓர் இடத்துக்கு, தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் அவள் நடந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷமாகிறது. "எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும்" என்று வீட்டில் சொல்ல எனக்குக் கிடைத்த சாக்குத்தான் இந்த ஓட்டம். முதலில் டாக்டருக்காக ஓடினேன். இப்போது எனக்காக ஓடுகிறேன். இதைத்தான் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப சரி" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக உலகத்துப் பெண்கள் பட்ட பாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துச் சிலர் தரையில் சாய்ந்ததைப் பார்த்து, இவ்வளவு தூரம் பெண்ணின் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆண்களும்தான் பந்தயம் முடிந்ததும் சாய்கிறார்கள். அது வீரம் என்று எழுதப்பட்டது! பிறகு 1960 வரையில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் பிரசித்தமானது. அதில் 20-வது மைலைத் தாண்டியதும் ஒரு மேடு வருகிறது. உயரம் என்னவோ 90 அடிதான். ஆனால் கால் ஓய்ந்துபோன நேரத்தில் வருவதால் அதற்கு 'நெஞ்சை உடைக்கும் மேடு' என்று பெயர். 1936-ல் அந்த மேட்டில் ஜானி கெல்லி என்பவர், முன்னால் போன பிரவுனை எட்டிப் பிடித்துத் தோளில் ஆதரவாய்த் தட்டிக் கொடுத்தாராம். தட்டு வாங்கியவர் ரோஷத்தோடு பாய்ந்து போய் ஜெயித்துவிட்டார். தட்டியவருக்கு ஐந்தாவது இடம்! அதைப் பார்த்து எழுதிய பத்திரிகைக்காரர் ஒருவர் வைத்த பெயர் அது. நம் இனத்தார் செய்த வேலை என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை. 1966-ல் பாபி கிப் என்ற பெண் புறப்படும் இடத்துக்கு அருகே புதரில் மறைந்திருந்து, கூட்டத்தோடு கலந்து ஓடி, அந்த மேட்டையும் ஏறி முடித்தார். மறுவருஷம் கேத்தரீன் ஸ்விட்ஸர் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்கி ஓடினார். பந்தய அதிகாரி ஒருவர் ஓட்டத்தின் நடுவிலேயே பாய்ந்து அந்த நம்பரைப் பிடுங்கப் பார்த்தார். அவர் நிற்கவில்லை. 1972-ல்தான் பாஸ்டன் கதவு பெண்களுக்குச் சட்டப்படி திறந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-ல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில். ஜோன் பெனாய்ட் என்ற அமெரிக்கப் பெண் முதல் தங்கத்தை வாங்கினார். எங்கள் ஊர்த் தெருவில் எனக்குக் கிடைத்ததோ, "ஏறிக்கோ, விட்டுருதேன்" என்ற உபசாரம். நான் அதிர்ஷ்டசாலி!

ஆவணி பிறந்ததும் அம்மாவை நடக்க வைக்க வேண்டுமென்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா முனகினாள். என்னால் ஆகாத காரியத்தை அக்கா செய்தாள். "வாங்க மைனி, ஆத்துக்குப் போற சரிவு மட்டும் போவோம். காலைச் சின்னதா வையுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் தெருமுனை. பத்தாம் நாள் சரிவின் தலை. புரட்டாசியில் ஒரு நாள் இருவரும் தாமிரவருணிப் படித்துறையில் உட்கார்ந்து, கிழக்கே வெயில் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பி வரும்போது அது ஏற்றம். "இவ ஓடுறதைவிட நான் நல்லா ஏறுதேன்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். காலையில் பசி எடுக்கிறதென்று அம்பை 16 அரிசி இட்லி ஒன்று கூடுதலாகக் கேட்டாள். சர்க்கரைக் கணக்கைப் பார்த்துக்கொண்டுதான் வைத்தேன்.

சென்னை ஓட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஓடி முடித்தேன். நேரத்தை மட்டும் கேட்காதீர்கள். 35-வது கிலோமீட்டருக்குப் பிறகு சமதரையே மேடாகிவிடுகிறது. அந்த இடத்தில் அடியைக் குறுக்கிக்கொண்டு, நாலு முழத்துக்கு முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் வந்த கல்லூரிப் பெண்ணிடம் பேசவும் முடிந்தது.

பதக்கத்தைப் பொங்கலுக்கு ஊருக்குக் கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தாள். "கால் கிலோ இருக்குமா?" என்று கேட்டாள். கொழுந்து நிறுத்துப் பழகிய கையல்லவா!

நெடுந்தூரம் ஓடச் சொல்லி உங்களை நான் வற்புறுத்தமாட்டேன். மேடு ஏறிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். முழங்கால் வலியோ, மாரடைப்பு அச்சமோ, சர்க்கரையோ உள்ளவர்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். திருச்சியில் இருப்பவருக்கு மலைக்கோட்டை இருக்கிறது, மதுரைக்காரருக்குத் திருப்பரங்குன்றம், சென்னையில் பரங்கிமலை. ஒன்றுமே இல்லாத ஊரில் ஒரு மேம்பாலமாவது இருக்கும். ஏறும்போது காலைச் சின்னதாக வையுங்கள். இறங்கும்போது அவசரப்படாதீர்கள். "எங்கே போகிறாய்?" என்று யாராவது கேட்டால், "ஓர் இடத்துக்கும் இல்லை" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் பரங்கிமலைப் பாதையில்தான் இருப்பேன். பின்னால் வருகிறவர்கள் தயங்காமல் தாண்டிப் போகலாம். என் அடி அவ்வளவு சின்னது!